எல்லாரும் ஏறியாச்சா

குவாவ், கிரெனடா
பிப்ரவரி 9

லின்டனுக்கு,

நீ கொடுத்தனுப்பின கடிதத்தை நம் சித்தி மகள் ஆல்மா கப்பலை விட்டு இறங்கினதும் நேராகக் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுவதை இனிமேல் விட்டுவிடு. அந்தப் பொம்பளை வேலி ஓரம் நின்று "வெர்னிஸ், உன் தம்பி லைன்ல" என்று கத்தும்போது நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். உன் குரலை என்னால் கேட்க முடியாது. எழுத்து என்றால் பாதியில் மடித்து வைத்துவிடலாம்.

தியோவுக்குக் கல்லறைக் கல் வெட்டச் சொல்லிவிட்டேன் என்கிறாய். யாரைக் கேட்டுச் செய்தாய்? அவர் என் புருஷன். என் கல்யாணத்துக்கு நீ ஆடு வெட்டினாய், அதோடு உன் உரிமை முடிந்தது.

கல் வைக்காதவரைக்கும் செத்தவர் நடந்துகொண்டே இருப்பார், கல் வைத்து விருந்து போட்டால்தான் உட்காருவார் என்பது எனக்கும் தெரியும். நானும் கேரியாகூ தீவில் பிறந்தவள்தான். தெரிந்துதான் சொல்கிறேன். அவரை உட்காரவைக்கிற கை உன் கையாக இருக்க வேண்டாம்.

போன பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை எங்கள் சபைக்காரர்கள் எல்லாரும் ஒருநாள் பயணமாக உன் ஊருக்கு வந்தோம். கப்பலில் நான் வாய் ஓயாமல் பெருமை அடித்துக்கொண்டு வந்தேன். மணல் தீவுக்குக் கூட்டிப்போகிற படகு என் தம்பியுடையது, கடலுக்குள் பார்க்கிற மாஸ்க் முதல் காலில் மாட்டுகிற துடுப்புச் செருப்பு வரை எல்லாம் அவனே தருவான், தண்ணீர் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு மீன் பார்க்கலாம் என்றேன். எனக்குத் தண்ணீர் ஆகாது. நான் ஆல்மா வீட்டில் சமைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்புகிற கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டாய். எப்போதும் செய்கிற மாதிரி, படகில் ஏறினவர்கள் கழற்றிப் போட்ட மாஸ்க்குகளை வாளியில் எண்ணினாய். நீ வாடகைக்குக் கொடுத்ததெல்லாம் வாளியில் இருந்தது. எல்லாரும் ஏறியாச்சு என்று படகைக் கிளப்பினாய். தியோவுடைய மாஸ்க் உன் வாளியில் விழுகிற மாஸ்க் இல்லையே லின்டன். கண்ணாடி இல்லாமல் சோற்றுத் தட்டே தெரியாத மனுஷன். பவர் போட்டுச் சொந்தமாக வாங்கின மாஸ்க் அது.

கப்பல்துறையில் சங்குக்கறி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் "தியோ எங்கடா?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தாய்.

அதுதான் என் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கல்லை என்னவோ செய்துகொள்.

வெர்னிஸ்


லெஸ்டெர், கேரியாகூ
பிப்ரவரி 17

அக்காவுக்கு,

திட்டியாவது எழுதினாயே. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொழிலுக்குப் போனேன், நனைந்துவிட்டது. இருந்தாலும் எல்லாம் படித்தாயிற்று.

நீ எழுதினதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் வாளியைத்தான் பார்த்தேன்.

கல் வந்துவிட்டது. முற்றத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருக்கிறேன். கோழிகள் அதன் மேல் ஏறி உட்காருகின்றன, விரட்டிக்கொண்டே இருக்கிறேன். கல்லில் அத்தான் பேரும் உன் பேரும்தான் இருக்கிறது. என் பேர் எங்கேயும் இல்லை. அதைச் சொல்லிவிடணும் என்று இருந்தது.

உன்னைக் கேட்காமல் ஏன் செய்தேன் என்றால், அத்தான் கனவில் வருகிறார். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, திரும்பத் திரும்ப வருகிறார். சமையல்கட்டு வாசலில் நிற்கிறார். செத்தவர்கள் வந்தால் சோறு கேட்பார்கள், ரம் கேட்பார்கள், சரி என்று ஆக்கிப்போடுவோம். நம் அப்பா புகையிலை கேட்டார், நினைவிருக்கிறதா. அத்தான் ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கி என்னைப் பார்க்கிறார். "லின்டன், சரியாத் தெரியலடா" என்கிறார். அவ்வளவுதான்.

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வழி தெரியவில்லையோ, கல் வைத்தால் ஓர் இடம் என்று ஆகுமே என்று நினைத்துச் செய்தேன். தப்பாக இருந்தால் தப்புதான்.

சாப்பிடு. நீ எலும்பும் தோலுமாக இருக்கிறாய் என்று ஆல்மா சொன்னாள்.

தம்பி லின்டன்


குவாவ்
மார்ச் 2

லின்டன்,

உன் கடிதத்தைப் படித்து பத்து நாளாக உன்மேல் கோபமாக இருக்கிறேன். முன்னாடி இருந்த கோபம் வேறு, இது வேறு.

அவர் உன் வாசலுக்கு எதற்கு வருகிறார்? அவரோடு பாயில் படுத்தவள் நான். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தவள் நான். ஜாதிக்காய்க் கொட்டகையில் அவர் மூட்டை தூக்கினார், நான் ஓடு பொறுக்கினேன், மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். இத்தனை மாதத்தில் என் கனவில் ஒருதரம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னிடம் வந்து நிற்கிறாராம்.

இது பொய், கல்லுக்கு என்னைச் சம்மதிக்க வைக்க நீ கட்டின கதை என்றுதான் முதலில் நினைத்தேன். கொட்டகையில் பக்கத்தில் உட்காருகிற மெர்லினிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் ஜாதிக்காயை உதறிக்கொண்டே, "பொய் சொல்றவன் நல்லதா ஒரு பொய் சொல்லுவானே. மன்னிச்சிட்டேன்னு சொன்னார், சிரிச்சார்னு சொல்லுவான். கண்ணு தெரியலன்னு எவனாவது பொய் சொல்லுவானா?" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

லின்டன், அவர் மூக்குக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. சவப்பெட்டியில் வைக்கவில்லை. ஆல்மா "போட்டுவிடட்டுமா அக்கா" என்று கேட்டாள். வேண்டாம் என்று என் ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டேன். இடது கண்ணாடியில் அவர் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. இன்னும் துடைக்கவில்லை.

அந்த அறைக்குள் நீ இல்லை. உன்னை வாசற்கதவிலேயே நிறுத்தி வைத்துவிட்டேன். ஆல்மா உன்னிடம் சொல்லியிருந்தால் சொல்லிவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்லவில்லை என்றால் அதையும் சொல். எனக்குத் தெரிந்தாகணும்.

நான் படுக்கிறேன், தூங்குவதில்லை. அதனால்தான் என்னிடம் வர முடியவில்லையோ என்னவோ.

வெர்னிஸ்


லெஸ்டெர்
மார்ச் 11

அக்கா,

ஆல்மா சொல்லவில்லை. பைபிளைக் கொடு, அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

அவர் செருப்பும் கண்ணாடியும் என் படகில்தான் இருந்தன. எல்லார் செருப்பையும் மீன்பெட்டியில் மொத்தமாகப் போடுவேன், உனக்குத் தெரியும். கண்ணாடியைச் செருப்புக்குள் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். நான் அதைப் போலீஸ்காரரிடம் கொடுத்தேன். அவர் உன்னிடம் கொடுத்திருப்பார், நீ சவப்பெட்டியில் வைத்திருப்பாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அதனால்தான் கனவு எனக்குப் புரியவேயில்லை. உன் கடிதம் படித்ததும்தான் புரிந்தது. கொடு என்று நான் சொல்லமாட்டேன். அது உன்னுடையது.

இன்னொன்று. நான் இப்போது வாளியை எண்ணுவதில்லை. ஏறும்போது பேர் கேட்டு வைத்துக்கொள்கிறேன், திரும்பும்போது ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறேன். பதில் வந்தால்தான் அடுத்த பேர். வெள்ளைக்காரர்கள் சிரிக்கிறார்கள். போன வாரம் ஒருத்தன், "என்ன கேப்டன், திரும்பவும் ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்டீங்களா?" என்றான். நானும் சிரித்தேன். அவன் பெண்டாட்டி கீழே பை தேடிக்கொண்டிருந்தாள், பதில் சொல்லவில்லை. அவள் என் கண்ணெதிரே இருக்கிறாள், இருந்தாலும் நான் மோட்டாரைத் தொடவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பேர் எல்லாம் முடிந்த பிறகும் எனக்குக் கை எழும்புவதில்லை. கொஞ்சநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குள் எவனாவது "போலாம்ப்பா" என்பான். அப்புறம்தான் கிளப்புவேன்.

இதை உனக்கு எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

கல்லைப் பற்றி. நீ வந்து வைத்துக்கொள். அன்றைக்கு நான் ஊரில் இருக்கமாட்டேன், பெட்டிட் மார்டினிக் தீவுப் பக்கம் மீனுக்குப் போய்விடுகிறேன். ஆல்மா சமைப்பாள், ஆட்டை நான் கட்டி வைத்துவிட்டுப் போகிறேன். நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம். கல் மட்டும் முற்றத்தில் கிடக்க வேண்டாம் அக்கா. தினமும் காலையில் வெளியே வந்தால் யாரோ போர்த்திப் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

லின்டன்


குவாவ்
மார்ச் 23

லின்டன்,

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலைக் கப்பலில் வருகிறேன்.

நீ எங்கேயும் போக வேண்டாம். கல்லைத் தூக்க நாலு ஆள் வேண்டும், நம் வீட்டில் ஆம்பிளை என்று இருப்பது நீ ஒருத்தன். ஊரானை மட்டும் கூப்பிட்டு என் புருஷன் கல்லைத் தூக்கச் சொல்லமாட்டேன். உன்னோடு பேசுவேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

கல் வைப்பதற்கு முன்னால் என்னை அந்தத் தீவுக்குக் கூட்டிப்போ. தனியாக வேண்டாம், உன் வழக்கமான ஆட்களோடு. நானும் இறங்கிப் பார்க்கணும். எல்லாரும் திரும்பி நீந்தி வந்த பிறகும் அந்த மனுஷன் மட்டும் அப்படி எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்? எனக்கு அது தெரியாமல் கல் வைக்க முடியாது.

அவர் மாஸ்க் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் எனக்கு அதைத்தான் தரணும். உன் வாடகை மாஸ்க்கைத் தொடமாட்டேன்.

வெர்னிஸ்


லெஸ்டெர்
மார்ச் 30

அக்கா,

இருக்கிறது. அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கினபோது நான்தான் கழற்றி எடுத்தேன். வாராவாரம் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து வைத்திருக்கிறேன். ரப்பர் கெடவில்லை.

கப்பலில் மேல்தளத்தில் உட்காராதே. கடலுக்கடியில் எரிமலை இருக்கிற இடத்தைத் தாண்டும்போது ஆட்டம் ஜாஸ்தி. கீழே, பின்பக்கம் உட்கார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வராதே, அதுதான் குமட்டும். காய்ந்த ரொட்டி போதும்.

முழுக்கை பனியன் போட்டுக்கொள், முதுகு வெந்துவிடும். மாஸ்க் போடும் முன் உள்ளே எச்சில் துப்பித் தேய்க்கணும், இல்லாவிட்டால் ஆவி படியும். அருவருப்புப் படாதே, எல்லாரும் துப்புவார்கள். மூச்சுக் குழாயைப் பல்லால் கடி, வாயால்தான் மூச்சு விடணும். பயம் வந்தால் தலையைத் தூக்கு, கரைப்பக்கம் இடுப்பளவுத் தண்ணீர்தான், நின்றுவிடலாம். மிதக்கவைக்கிற காற்றுச்சட்டை கட்டிவிடுகிறேன், அதைக் கழற்றாதே.

அது பவர் கண்ணாடி, உனக்குக் கோணலாகத் தெரியும். வேறு தருகிறேன் என்று சொல்லவில்லை, தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

பேசாவிட்டால் பரவாயில்லை. ஆனால் பேர் கூப்பிடுவேன். அதற்கு மட்டும் பதில் சொல்லணும். உனக்காகக்கூட அதை விடமாட்டேன்.

லின்டன்


குவாவ்
ஏப்ரல் 20

லின்டனுக்கு,

கல் வைத்த அன்றைக்குக் கூட்டம். ஆல்மா வீட்டு ஆட்கள், மேளக்காரர்கள், களி கிண்டுகிறவர்கள், என் காதில் ஒன்றும் ஏறவில்லை. உன்னிடம் நான் பேசினதெல்லாம் "அந்தப் பக்கம் தூக்கு", "விரல் நசுங்கிடப் போகுது" அவ்வளவுதான். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். களைப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இது உட்கார்ந்து எழுத முடிகிற களைப்பு.

ரொட்டி தின்றும் கப்பலில் குமட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ரொட்டியைப் பற்றி நீ ரொம்பத் தெரிந்தவன் மாதிரி எழுதினாய்.

தண்ணீரில் நீ என் முதுகைத்தான் பார்த்தாய். நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் மாஸ்க் கண்ணாடியில் எல்லாம் வளைந்து கிடந்தது, மணல் பக்கத்தில் வருகிறது, தள்ளிப் போகிறது. எனக்கு மூச்சு முட்டியது. தலையைத் தூக்கினேன். உன் படகில் வந்த அந்த ஜெர்மன்காரி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்னவோ சொன்னாள், எனக்கு அவள் பாஷை புரியவில்லை. திரும்பவும் முகத்தைப் போட்டேன்.

அப்போது ஒரு மீன் வந்தது. நீலம், வாய் மட்டும் கிளி மூக்கு மாதிரி. பாறையைக் கடிக்கிறது. லின்டன், அது கடிக்கிற சத்தம் கேட்கிறது. தண்ணீருக்குள் கறுக் கறுக் என்று. எங்கள் கொட்டகையில் ஜாதிக்காய் உடைக்கிற சத்தம் அப்படியே. நான் அதன் பின்னாலேயே போனேன். அது கடிக்கும், நகரும், கடிக்கும். எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது. நீ விசில் அடித்தது என் காதில் விழவில்லை. ஜெர்மன்காரி இழுத்த பிறகுதான் நிமிர்ந்தேன். படகு அவ்வளவு தள்ளி இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து தண்ணீருக்குள் எதையும் தெளிவாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த மாஸ்க்கில் எல்லாம் தெரிந்திருக்கும். எனக்கு வளைந்தது அவருக்கு நேராகத் தெரிந்திருக்கும். அந்த மீன் பயலைப் பார்த்துக்கொண்டே போயிருப்பார். பயந்துபோய் நம்மைத் தேடியிருப்பார் என்றுதான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்படியும் தேடியிருக்கலாம். ஆனால் முதலில் சந்தோஷமாக இருந்திருக்கிறார். அது எனக்கு முன்னாடி தெரியாது.

ஏறினதும் நீ பேர் கூப்பிட்டாய். ஜெர்மன்காரிக்கு அவள் பேரை நீ சொன்னவிதம் பிடிக்கவில்லை, திருத்தினாள், நீ திரும்பவும் தப்பாகவே சொன்னாய். "வெர்னிஸ்" என்றாய். அக்கா என்று சொல்லவில்லை, படகில் எல்லாரும் ஒன்றுதான் போலிருக்கிறது. இருக்கேன் என்றேன். எல்லாப் பேரும் முடிந்தது. நீ மோட்டார்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாய். கடிதத்தில் எழுதியிருந்தாய், ஆனால் கண்ணால் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. உன் கழுத்துப் பின்னால் நரைத்துவிட்டது லின்டன். அந்த ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் ஏறியாச்சு, கிளப்பு" என்றேன்.

நீ உடனே திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். வாய் தவறிச் சொன்னது இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன், இப்போதும் அதையேதான் சொல்வேன்.

கண்ணாடியைச் சிமெண்டுக்கு அடியில் வைத்ததை நீ பார்த்தாய். துடைத்துத்தான் வைத்தேன். துடைக்காமல் கொடுத்தால் அவருக்கு மங்கலாகத்தானே தெரியும்.

அதற்கப்புறம் உன் கனவில் வந்தாரா என்று எழுது. என் கனவில் வரவில்லை. ஆனால் தூங்கினேன்.

பெந்தெகொஸ்தேவுக்குச் சபைக்காரர்கள் திரும்பவும் மணல் தீவுக்குப் போகணும் என்கிறார்கள். யார் படகு என்று கேட்கத் தயங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். என் தம்பி படகுதான் என்றேன். கிளம்பும்போது அவன் ஒவ்வொருத்தர் பேரையும் கூப்பிடுவான், சிரிக்காமல் பதில் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா
வெர்னிஸ்